ஜீப்பின் வாயில் கட்டிய துணி

செங்கோடண்ணன் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது காலை பஸ்ஸின் கண்டக்டர். நான் ஆஸ்பத்திரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பஸ் படியில் நின்றபடியே, "ஏனுங்க பாவாயக்கா, உங்க ஜீப்பு டிரைவரு தவறிட்டாருங்களாம், ராசிபுரத்துல" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப் நிற்கும் கொட்டகையைப் பார்த்தேன். வண்டி அங்கேதான் நின்றது. காய்ச்சல் என்று நாலு நாள் லீவு சொல்லிவிட்டுப் போகும்போது, சாவியை என் கையில் கொடுத்து, "வாய்க்கு மூடி போட்டிருக்குது. யாரு எடுத்தாலும் மொதல்ல அதைக் கழட்டச் சொல்லு, அம்மிணி" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த ஜீப்பில் ஏறி இறங்கிய நீங்கள் எல்லாரும் அந்த வாயைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் எழும்பி, கூரைக்கு மேல் ஒரு முழம் நிற்குமே, காளான் மாதிரி தொப்பி போட்ட குழாய், அது. அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்றுப் போகிறது. அது எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணனைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எனக்கு எழுத வந்த மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாய் கிடையாது. பழைய மிலிட்டரி ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டு நம் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தார்கள். மலைக்கு அப்போது கூப்புக்காரர்கள் மரம் இறக்கப் போட்ட மண் ரோடுதான். புழுதி கணுக்கால் ஆழம். மூன்றாவது வளைவு தாண்டியதும் வண்டி கறுப்பாகப் புகை கக்கும், இழுக்காது. நானும் நர்ஸம்மாவும் இறங்கித் தள்ளுவோம். "மலையேறாத வண்டி மலையாஸ்பத்திரிக்கு எதுக்கு? டவுனுக்குக் கொண்டு போயிடலாம்" என்று டவுனிலிருந்து வரும் பெரிய டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மகள் நினைப்புத்தான். என் மகள் பழனியம்மாளை மலைமேல் தேவனூர் நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தேன். முதல் பிரசவத்துக்கு அவளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி இறக்கத்தில், ஒரு பாறை நிழலில், பிள்ளை செத்துப் பிறந்தது. இப்போது மறுபடியும் நாள் தள்ளிப் போயிருந்தது. ஜீப் போய்விட்டால் மறுபடியும் டோலிதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

அவர்தான் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் அந்தக் குழாயைக் கண்டுபிடித்தார். ஏதோ டிராக்டரில் இருந்ததாம். தொப்பிக்குள் ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே போகும் புழுதி சுழன்று அதில் விழுந்துவிடும். "சக்கரம் கெளப்புற மண்ணயே எஞ்சின் தின்னுட்டுக் கெடக்குது. தலைக்கு மேல மூக்க வெச்சா நல்ல காத்தா இழுக்கும்" என்றார். மாட்டினார். ஆனால் மாட்டியதும் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் சோதித்தார். எப்போதும் எட்டு மணல் மூட்டை. எப்போதும் அதே ஐந்தாவது வளைவு வரை. பழைய மாதிரி ஒரு தடவை, குழாயோடு ஒரு தடவை, தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு தடவை, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. நேரம் பார்க்க, நர்ஸம்மா நாடி பிடிக்கும் கடிகாரம். என் வேலை, வளைவில் இறங்கி, புகைக் குழாய்க்கு நேரே வெள்ளைத் துணியைப் பிடித்து முப்பது எண்ணுவது. துணியில் விழுந்த கறுப்பைப் பார்த்து அவர் நோட்டில் எழுதுவார்.

"ஏண்ணா, குழாயும் மாத்துங்க, எண்ணெயும் மாத்துங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திப் பாத்துட்டா ஆச்சுல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன். எனக்கு அவசரம்.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தோணும், அம்மிணி. கொழம்புல உப்பையும் புளியையும் ஒண்ணா அள்ளிப் போட்டுட்டு, எது கெடுத்துச்சுன்னு யாரக் கேப்ப?" என்றார்.

அந்தப் பேச்சை நான் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை.

பெரிய டாக்டர் தாமே ஏறிப் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் வந்தது. ஏறினால் வண்டி நமக்கு, ஏறாவிட்டால் டவுனுக்கு. அன்று பார்த்துக் காற்று வேறு சுழற்றி அடித்தது. எங்கள் பக்கம் ஊற்றுத் தண்ணீர் எடுத்தால் குடத்தின் வாயில் துணி கட்டித்தான் வடிப்போம். பிள்ளை பெற்ற வீடு என்றால் துணி இரண்டு மடிப்பு. காலையில் அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் நான் வண்டி மேல் ஏறி, தொப்பிக்குக் கீழே காற்றுப் போகும் வலை இடுக்கைச் சுற்றிப் பழைய சேலைத் துணியை இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டினேன். ஒரு பொட்டுப் புழுதியும் போகாது என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது வளைவிலேயே சத்தம் மாறியது. மூன்றாவதில் பின்னால் இருந்த எனக்கும் நர்ஸம்மாவுக்கும் ரோடு தெரியவில்லை, அவ்வளவு புகை. நாலாவதில் வண்டி நின்று பின்னால் நழுவியது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தேன்.

பெரிய டாக்டர் இறங்கி வேட்டியை உதறினார். "இதுக்காகவாய்யா மூணு மாசம் மணல் மூட்டையச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க? திங்கக்கிழமை டவுனுக்குக் கொண்டாந்து உட்டுரு."

அண்ணன் பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை. "நேத்து நல்லா ஏறுச்சுங்க. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதானுங்க இருக்குது. நான் ஒண்ணையும் மாத்துலீங்க. எம் புள்ளைங்க மேல சத்தியமுங்க" என்றார்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் வண்டி போகும், பழனியம்மாளுக்கு டோலி. இதெல்லாம் அப்போது ஓடியது நிஜம். ஆனால் என்னைப் பேச வைத்தது அது இல்லை. அந்த மனுஷர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறார், அந்தச் சத்தியத்தை நான் பொய்யாக்கிவிட்டு நிற்கிறேன்.

"மாத்துனது நானுங்கண்ணா. தொப்பிக்குத் துணி கட்டிப்புட்டேன்."

நர்ஸம்மா, "அடி பாவி" என்றார். அண்ணன் மேலே ஏறித் துணியை உருவினார். செம்மண் அப்பி, காய்ந்த வறட்டி மாதிரி விறைத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாயக் கட்டிப்போட்டு மலையேறுன்னா, எந்தக் கழுத ஏறும் அம்மிணி?" என்றார். பிறகு பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "நல்லதாப் போச்சுங்கய்யா. வாயடைச்சா என்ன ஆகும்னு நான் பாக்கவே இல்ல, இன்னிக்கு அதையும் பாத்தாச்சு. மாறுனது துணி ஒண்ணுதானுங்க. இப்ப அது இல்லாம ஏறுவோம். உக்காருங்க."

ஏறினோம். ஐந்தாவது வளைவும் போய், எட்டும் போய், உச்சியில் மிளகுக் கொடி தெரியும் இடம் வரைக்கும் நான் பின்னால் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தார். "வண்டி இங்கயே கெடக்கட்டும்."

நர்ஸம்மா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் மறுநாளே வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தார். "கட்டுனதுக்குத் திட்டோணும்னு இருந்தேன். ஆனா நீ சொல்லாம உட்டிருந்தீன்னா, நான் எஞ்சினப் பிரிச்சுப் போட்டு ஆறு மாசம் தேடியிருப்பேன்" என்றார்.

நாலு மாதம் கழித்து, முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், தேவனூரிலிருந்து ஆள் ஓடி வந்தான். பழனியம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றான். அண்ணன் சட்டை கூடப் போடவில்லை. நர்ஸம்மாவும் நானும் ஏறினோம். ஆறாவது வளைவில் அதே கறுப்புப் புகை, அதே சத்தம். நான் எதுவும் கட்டவில்லை என்று கத்தினேனாம், நர்ஸம்மா பிறகு சொன்னார்.

அண்ணன் வண்டியை நிறுத்திக் கட்டை போடச் சொன்னார். பானெட்டைத் திறக்கவே இல்லை. நேரே மேலே ஏறினார். மழைக்குப் புறப்பட்ட ஈசல் வண்டி விளக்குக்கு வந்து, தொப்பியின் வலை முழுக்க அப்பியிருந்தது. இரண்டு கையாலும் வழித்து எறிந்தார். "உன் துணி மாதிரியேதான் அம்மிணி, அதே சத்தம். அன்னிக்கு நீ கட்டாம இருந்திருந்தா இன்னிக்கு நான் பானெட்டுக்குள்ள தலைய உட்டுக்கிட்டு நின்னிருப்பேன்" என்றார். பேசிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார்.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நர்ஸம்மா உள்ளே போய்ப் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். அழுகைச் சத்தம் கேட்கும் வரை அண்ணன் வாசலில் நின்று, கையில் ஒட்டியிருந்த ஈசல் சிறகை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். பேரன் இப்போது ஆடு மேய்க்க ஓடுகிறான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராசிபுரம் போனேன். அவர் சம்சாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்து, "உங்க ஆஸ்பத்திரி நோட்டுங்களாட்ட இருக்குதுங்க" என்று கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பக்கம், பழைய மாதிரி ஏற்றம். இரண்டாவது, குழாய். மூன்றாவது, தொப்பி உயர்த்தியது. நான்காவது இப்படி இருந்தது: "வாயில் துணி. ஏறவில்லை. பாவாயி சொன்னது." பாவாயி கட்டியது என்று அவர் எழுதவில்லை.

வண்டிக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். சின்ன வயது, கெட்டிக்காரர். ஆனால் இந்த மலையில் முதல் மழையை அவர் பார்த்ததில்லை. திண்ணனூர் நாட்டில் இரண்டு பெண்களுக்கு மாதம் நெருங்கிவிட்டது. நாலு நாளாக மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. வண்டி ஏறும் ஒவ்வொரு தடவையும் நான் இங்கே நின்று புகையைத்தான் பார்க்கிறேன்.

இன்று காலை அவரிடம் போய் ஈசலைப் பற்றிச் சொன்னேன். "அதெப்படீங்க உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். துணி கட்டிய கதையையும் சொன்னேன். செங்கோடண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது.