இறால் கட்டுரையில் முதல் பெயர்

திருவள்ளூர்க் கல்லூரியொன்றில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்த துளசிராமன், 1968-இல் பழவேற்காடு ஏரி இறாலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் பஸ் மாறிப் போய், கலியன் என்ற மீனவரின் படகு கரையேறும் இடத்தில் உட்கார்ந்து, வந்த இறாலை அளந்தவர் அவர். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் கவிச்சி. மணவாள நகர் வீட்டில் மனைவி சம்பூர்ணம் அவரைத் தோட்டத்து வழியாகத்தான் உள்ளே விடுவாள்.

கட்டுரை அச்சானபோது முதல் பெயர் துறைத்தலைவர் அருணாச்சலத்துடையது! அவர் இறாலைப் பார்த்தது சாப்பாட்டு இலையில் மட்டும்தான். தலைவர் பெயர் முன்னே, உழைத்தவன் பெயர் பின்னே என்பது அந்தத் துறையின் சம்பிரதாயம். அதற்குக் கூட்டு ஆராய்ச்சி என்று மரியாதையான பெயரும் உண்டு.

1974-இல் அருணாச்சலம் ஓய்வு பெற, அவருடைய இடத்துக்குத் துளசிராமன் மனுப் போட்டார். தேர்வுக் குழுவுக்கு அப்போது புதுப் பைத்தியம் பிடித்திருந்தது. உங்கள் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். யார் யாரை எடுத்துக்காட்டினார்கள் என்று அமெரிக்காவில் வருஷாவருஷம் அச்சடிக்கும் தடித்த புத்தகம் மெட்ராஸ் நூலகம் ஒன்றில் இருந்தது. துளசிராமன் ஓடினார். தன் பெயரைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. அருணாச்சலத்தின் பெயரில் பத்தொன்பது! அந்தப் பாழாய்ப்போன புத்தகம் முதல் பெயரை மட்டும்தான் மதிக்குமாம்.

"நீங்க ஏரிக்கரையில காஞ்சதுக்கு அந்தாளு பேரா? கம்முனு குந்திக்கினு இருந்தா ஊடு தேடியா வரும்? போய்க் கேளுங்க!" என்று சம்பூர்ணம் விரட்டினாள்.

போய்க் கேட்டார். "பத்தொன்பது பேரா?" என்று அருணாச்சலம் முதலில் பூரித்துப் போனார். "அடுத்த வாரம் வாய்யா, யோசிச்சு சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் மறுபடி கேட்காமலே கடிதம் தயாராக இருந்தது. ஆராய்ச்சி முழுவதும் துளசிராமனுடையதே, தமக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். துளசிராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்தத் தங்கமான மனிதரை வைதோமே என்று மனசு நொந்தார்.

குழு எண்ணிக்கையைப் பார்த்தது, கடிதத்தைப் பார்த்தது, பதவியைக் கொடுத்தது.

புதுப் பேராசிரியர் துளசிராமன், மாணவர்களிடம் பெருமையடிக்கலாமே என்று தம்மை எடுத்துக்காட்டிய அந்தப் பத்தொன்பது கட்டுரைகளையும் தருவித்தார். முதல் கட்டுரையைப் படித்ததும் வியர்த்துக் கொட்டியது. ஏரி முகத்தில் இறால் அதிகம் கிடைக்கும் இடத்தில் மீனவர்கள் முறைவைத்து வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கலியன் ஊருக்குப் பாடு வரும் வாரம் கூடை நிரம்பும், மற்ற வாரம் காயும். துளசிராமன் ஒரே கரையில் உட்கார்ந்துகொண்டு, நிலா வளர்ந்து தேய்வதற்கு ஏற்ப இறால் வருகிறது, போகிறது என்று எழுதிவிட்டார். இறால் எங்கேயும் போகவில்லை. பத்தொன்பது பேரும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சியை எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு உதாரணமாக ஒரு பாடப்புத்தகமே அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

துளசிராமன் அருணாச்சலத்தின் வீட்டுக்கு ஓடினார். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க அதையெல்லாம் படிச்சீங்களா?"

"பின்ன? படிக்காமலா லெட்டர் குடுத்தேன்?"

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"எத்தினி பேருன்னு நீயே எண்ணிக்கினு வந்தே. இன்னா எழுதிக்கீறாங்கன்னு நீ பாக்கவே இல்லியேய்யா."

துளசிராமனுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மறுபடி ஏரிக்குப் போனார், எல்லாக் கரையிலும் அளந்தார், தவறு தன்னுடையது என்று திருத்தக் கட்டுரை எழுதினார். "வழக்கம்போல உங்க பேரை முதல்ல போட்டுடட்டுமா சார்?" என்று வீம்புக்குக் கேட்டார். "ஐயய்யோ, எனக்கு எதுக்குய்யா அந்தப் பேஜாரு!" என்று அருணாச்சலம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஆகவே 1976-இல் முதன்முறையாகத் துளசிராமன் பெயர் தனியாக அச்சில் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். திருத்தத்தை ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை. பழைய தவறை மட்டும் இன்னும் நாலு பேர் எடுத்துக்காட்டியிருந்தார்கள். கல்லூரி ஆண்டு விழாவில், இருபத்து மூன்று அறிஞர்கள் எடுத்துக்காட்டிப் பேசும் பேராசிரியர் என்று சொல்லி முதல்வர் சால்வை போர்த்தினார். துளசிராமன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். என்ன பணிவு பார், என்றார்கள்.