சாமுவேல் அண்ணன் எழுதிய கடைசி வரி

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கரும்பலகையின் கடைசி வரியை வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் அழித்துவிடாதீர்கள். மழை வந்தால் நானே தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறேன். இதைக் கடைசியில் சொல்லலாம் என்று விட்டால் பயத்தில் வேறு எதையாவது பேசிக்கொண்டே போய்விடுவேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் வாசலில் சாமுவேல் அண்ணன் சம்சாரம் கிரேஸ் அக்கா நிற்கிறார். தலை சீவாமல் வெளியே வராதவர், காலில் செருப்பு இல்லாமல் வந்திருந்தார்.

"மாரீஸ்வரி, உங்க அண்ணன் எந்திரிக்க மாட்டேங்காக" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாடி பார்க்காமலா வந்திருப்பார்? ஆனாலும் அந்த ஒரு சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தோம். அண்ணன் தூங்குகிற மாதிரிதான் இருந்தார். சட்டைப் பையில் இரண்டு துண்டு சாக்பீஸ் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாமுவேல் அண்ணன் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவர். காலண்டர், வெடிப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் மெஷினுக்குப் போகும். ஆமத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் போய் வருவார். நகர்மன்றக் கூட்டம் நெருங்கும்போது மட்டும் நகராட்சி அலுவலகத்தில் இறங்கி, இந்தத் தடவை என்னென்ன பொருள் வருகிறது என்று அங்கே ஒட்டியிருப்பதைப் படித்து, நம் வார்டுக்கு உள்ளதைத் துண்டுச் சீட்டில் குறித்து வந்து பலகையில் எழுதுவார். சாக்கடைத் தண்ணீர் போக வாறுகால் கட்டுவது, தெருவிளக்கு மாற்றுவது, குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டுவது என்று எல்லாம் நமக்கு அப்படித்தான் முன்கூட்டியே தெரிந்தது. அதற்குக் கீழே தண்ணீர் வருகிற நாள், காளியம்மன் கோயில் பொங்கல், சர்ச்சில் அசன விருந்து, யார் வீட்டில் சடங்கு, யார் பிள்ளைக்கு மொட்டை, எல்லாம் தேதி வாரியாக இருக்கும்.

தேதி விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. ஒரு வருடம் அசன விருந்து கோயில் பொங்கலுக்குக் கீழே வந்துவிட்டது. சர்ச் போதகர் அதைப் பார்த்துவிட்டு, "சாமுவேலு, நம்ம விருந்தைக் கொஞ்சம் மேல ஏத்திப் போடக் கூடாதா?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமையை நீங்க செவ்வாய்க்கிழமைக்கு முன்னால கொண்டு வாங்கய்யா, நான் மேல போட்டுருதேன்" என்றார் அண்ணன். போதகர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்தத் தெருவுக்கு நான் வாழ வந்த புதிதில், நாளைக்குத் தண்ணீர் வருகிறதாம், எழுதுங்கள் என்று அவரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"பார்த்தியா, கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்ணே. நாலு பேர் சொன்னாக."

"கேட்டதை நீ வாயில வச்சுக்கோ தங்கச்சி. உனக்கு அதுல எடம் நெறைய இருக்கு. பார்த்ததை மட்டும் பலகையில போடுவோம்."

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசாமல் இருக்க முடியவில்லை.

பலகையில் எத்தனை செய்தி இருந்தாலும் அடியில் ஒரு வரியைக் காலியாகவே விடுவார். எதற்கு என்று கேட்டேன். "சாவு சொல்லிக்கிட்டா வருது? அதுக்கு ஒரு எடம் வேணும்ல" என்றார். அன்றிலிருந்து அந்தக் காலி வரியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

ஆனாலும் அந்த இடத்தில் ஒருநாள் என் தங்கச்சி பெயர் வந்தது. வெடி ஆலைக்கு வேலைக்குப் போனவள். எங்கள் பக்கத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், எங்கே என்று கேட்க மாட்டோம். வீட்டில் யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் எண்ணுவோம். அன்றைக்கு நான் எண்ணியதில் அவள் இருந்தாள். அண்ணன் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எழுதினார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அவள் முழுப்பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு என்பது, அவ்வளவுதான். "பேப்பர்ல கூட உன் தங்கச்சி பேரைத் தப்பாப் போட்டுருக்கான். நம்ம பலகையில சரியா இருக்கட்டும்" என்றார். அவள் மகள் செல்வியை நான்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். செல்வியும் அவள் புருஷன் கார்த்தியும் கைக்குழந்தையோடு எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார்கள்.

இனி வருவதைச் சொல்லத்தான் எனக்குப் பயம்.

செல்வி வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு குடோன் இருக்கிறது. காகிதம் வைக்கிற இடம் என்று சொல்லித்தான் வாடகைக்கு எடுத்தார்கள். தீபாவளி சீசன் தொடங்கியதும் அங்கே மூடிய லோடுகள் வர ஆரம்பித்தன. பின்பக்கம் வெயிலில் எதையோ விரித்துக் காய வைத்தார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் துவைத்த துணியில் வெள்ளிப்பொடி மாதிரி ஒட்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அது பட்டாசு மருந்து என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த லோடை ஏற்றி வருகிற வண்டியை ஓட்டுவது கார்த்தி. அதனால் நான் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தேன்.

போன வாரம் புதன்கிழமை அண்ணன் துண்டுச் சீட்டோடு என் வீட்டுக்கே வந்தார். அந்தக் குடோனைக் காகிதக் கிடங்காக நடத்துவதில் ஆட்சேபணை இல்லை என்று வருகிற கூட்டத்தில் தீர்மானம் வருகிறதாம். யாராவது எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால்தான் கவுன்சிலர் எழுந்து பேச முடியுமாம். அதுவும் கூட்டம் தொடங்கும் முன்னால் கொடுக்க வேண்டுமாம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அதை மட்டும் எழுதாதீக. கார்த்திக்கு வேலை போயிரும். பிள்ளைக்காரி வீடு."

அண்ணன் என்னையே பார்த்தார். "நான் பார்த்துட்டேனே மாரீஸ்வரி" என்றார். அவ்வளவுதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை எழுதாமல் போனார். இத்தனை வருடத்தில் பார்த்ததை அவர் எழுதாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்காக.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தார். உட்காரக்கூட இல்லை. "செல்வி பிள்ளைக்குத் தொட்டில் எங்கன கட்டிருக்கு?" என்று கேட்டார்.

"பின் அறையில."

"எந்தச் சுவர் ஓரமா?"

நான் குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே பலகைக்கு வந்தார். மேலே இடம் இல்லை. காலியாக விட்டிருந்த கடைசி வரியில் குடோன் செய்தியை எழுதினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, ஆட்சேபணை உள்ளவர்கள் வரவும் என்று முடித்தார்.

நான் பின்னால் நின்று, "அண்ணே, அது சாவுக்கு விட்ட எடம்லா?" என்றேன்.

"ஆமா. அது வராம இருக்கணும்னுதான் எழுதுதேன். இங்கன எழுதாம வேற எங்கன எழுத?" என்று சொல்லிவிட்டுக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவரே போய்விட்டார். அவர் சாவை எழுதப் பலகையில் இடம் இல்லை.

நான் சாக்பீஸோடு போய் நின்றபோது குடோன் மேனேஜர் எனக்கு முன்னால் அங்கே நின்றார். கையில் ஈரத்துணி. குரலில் அவ்வளவு மரியாதை.

"பெரிய மனுசன். அவர் செய்திக்கு எடம் வேணும்லக்கா. இந்தக் கடைசி வரியைத் துடைச்சிருதேன். கார்த்தி நல்ல பையன், நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார். கார்த்தி பெயரை அவர் எதற்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியும். "சரிங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது மூன்றாவது வரி கண்ணில் பட்டது. செல்வி பிள்ளைக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலில் மொட்டை என்று அண்ணன் கையெழுத்தில் இருந்தது. நான் நேர்ந்துகொண்ட மொட்டை. மேனேஜர் கையிலிருந்து ஈரத்துணியை வாங்கி, அந்த வரியைத் துடைத்தேன். பிள்ளை பெயர் இருந்த இடத்தில் அண்ணன் சாவை எழுதினேன்.

"ஏக்கா, மங்களமான சேதியைப் போய் அழிக்கீகளே" என்றார் அவர்.

"எங்க வீட்டுச் சேதி. எங்க வீட்டுக்குத்தான அழிக்க உரிமை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அதைச் செய்துவிட்டேனே தவிர, அன்றிலிருந்து நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. சாவைக் கொண்டுபோய்ப் பிள்ளை இடத்தில் வைத்தேனே தாயே, நீதான் காப்பாற்ற வேண்டும் என்று மூன்று வேளையும் அம்மனிடம் கெஞ்சுகிறேன். கிரேஸ் அக்கா என்னைத் திட்டினார். "உங்க அண்ணன் இருந்தா, எழுத்து எங்கன இருந்தா என்ன, சரியா இருக்கான்னுதான் பார்ப்பாக" என்றார்.

அடக்கம் நான்கு மணிக்கு என்று எழுதியிருந்தேன். நான்கரை ஆகியும் பாதித் தெரு வந்து சேரவில்லை. வெயிலில் பெட்டியை வைத்துக்கொண்டு காத்து நின்றோம். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் எழுதினால் ஒருவரும் பிந்த மாட்டார்கள். என் எழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று நினைத்து அழுதேன்.

கார்த்தி என்னோடு பேசவில்லை. நான் செய்ததை மேனேஜர் அவனிடம் சொல்லியிருப்பார். வியாழக்கிழமை செல்வியைப் பார்க்கப் போனபோது, பின் அறையில் தொட்டிலைக் காணோம். முன் அறை உத்தரத்தில் புதுக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"யாரு மாத்துனா?" என்றேன்.

"அவருதான் பெரியம்மா. ஏன்னு கேட்டேன். காத்து வரட்டும்னாரு" என்றாள் செல்வி. முன் அறையில் ஜன்னலே கிடையாது.

அந்த லோடில் என்ன இருக்கிறது என்று இந்தத் தெருவில் நிச்சயமாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வாய் திறக்கவில்லை. தொட்டிலைத் தள்ளிக் கட்டிவிட்டான். பத்தடி தள்ளிக் கட்டினால் போதுமா? என் தங்கச்சி எத்தனை அடி தள்ளி நின்றாள் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே மனு எழுதினேன். கிரேஸ் அக்கா பிழை பார்த்தார். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது அவருடையது. இந்த நினைவு மலரை அண்ணனோடு வேலை பார்த்த அச்சகத்துக்காரர்கள் அடித்துத் தருகிறார்கள். அண்ணனைப் பற்றி எழுது, பேசுகிற மாதிரியே எழுது என்று கிரேஸ் அக்கா சொன்னதால் எழுதினேன். இதைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த மனுவிலும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை காலை என்னோடு நகராட்சிக்கு வாருங்கள். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. மேனேஜர் அங்கேயும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

அண்ணே, உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கிரேஸ் அக்கா வேதப்புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறார். பலகைக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு, எழுதியதை இரண்டு அடி பின்னால் போய் நின்று படித்துப் பார்ப்பீர்களே, அப்படித்தான் கண்ணுக்குள் நிற்கிறீர்கள். ஒரு தடவை எழுதாமல் விட வைத்தவள் நான். அதை மன்னித்துப் போய் வாருங்கள்.

இதை மடித்துக் கவரில் போடும்போதுதான் ஞாபகம் வருகிறது. கூட்டம் பத்து மணிக்கு இல்லை, பத்தரைக்கு. அண்ணனின் துண்டுச் சீட்டில் நானே பார்த்தேன். நம் தெருச் சனங்களுக்கு எதையும் அரை மணி முன்னால் போட்டால்தான் சரியாக வருவார்கள் என்று, எந்த நேரத்தையும் குறைத்துத்தான் பலகையில் எழுதுவார். அடக்கத்துக்கு நேரம் எழுதும்போது நான் அதை மறந்துவிட்டேன். அதை வெளியே சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.