பட்டை முறிந்த லாரி

பஸ் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிமிஷம்' என்றுதான் சொல்வார்கள். பழுதாகி வரும் பஸ் ஒவ்வொன்றுக்கும் வேலைச் சீட்டு எழுதுவது அவர் வேலை. முப்பத்தொரு வருஷம் எழுதினார். வண்டி உள்ளே வந்த நேரத்தை 'காலை பத்து மணி சுமார்' என்று எழுத அவருக்குக் கை வராது. பத்து ஏழு என்றால் பத்து ஏழுதான். அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு டிரைவர் எழுந்து, "அப்பாடா, இனிமே நாங்க நிம்மதியா லேட்டா வரலாம்" என்றார். சிரித்தவர்களில் நிமிஷமும் ஒருவர்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ராணுவ ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தார்.

போர்க்காலத்தில் ஒரு நாள், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த முப்பத்தெட்டு பேரை ராணுவ லாரி ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவன் நிமிஷத்தின் தம்பி. அன்று முகாமைவிட்டு எந்த வண்டியும் வெளியே போகவில்லை என்று ராணுவம் இருபத்திரண்டு வருஷமாக ஒரே பல்லவியைப் பாடிவந்தது. இப்போது ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தார்கள். தம்பியின் மனைவி மனு கொடுத்தாள். வாசலில் நின்று பார்த்தவர்களின் சாட்சி போதாது, ராணுவத்தின் சொந்தத் தாள் ஒன்றாவது வேண்டும், ஆறு மாதத்துக்குள் வராவிட்டால் மனுவை முடித்துவிடுவோம் என்று குழு பதில் எழுதியது.

காப்பகத்தின் வாசிப்பறை வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். ஒரு நாளைக்கு மூன்று கட்டு. நான்கு மாதம் அந்த முகாமில் இருந்த படைப்பிரிவின் நாட்குறிப்புகளைப் படித்தார். அந்தத் தேதியில், 'முகாமில் இருந்தோம். குறிப்பிட எதுவும் இல்லை' என்று இருந்தது. முந்தின நாளும் அதுவே, மறுநாளும் அதுவே. அந்தத் தேதியைச் சுற்றி ஒன்பது நாளுக்கு ஒரே பேனா, ஒரே சாய்வு, ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. ஒரு வாரத்து டிரிப் ஷீட்டைச் சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிற கண்டக்டர்களை அவர் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்! பொய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அதைக் காட்டவும் ஒரு தாள் வேண்டுமே.

அன்று மதியம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தியில் பட்டது. டிரைவர்கள் மேலதிகாரியிடம் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் மட்டும் உள்ளதைச் சொல்வார்கள். அரிச்சந்திரர்கள் என்பதால் அல்ல. உடைந்த சாமானுக்குக் காரணம் சொல்லாவிட்டால் பழி தங்கள் தலையில் விடியும் என்பதால்.

அடுத்த முறை அவர் நீட்டிய சீட்டைப் பார்த்து, வாசிப்பறை அலுவலரான அந்தப் பெண்மணி மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சார் இது? எல்லாரும் சண்டை நடந்த கட்டைக் கேப்பாங்க. நீங்க பஞ்சர் ஒட்டின கட்டைக் கேக்குறீங்க?"

"இருக்கா இல்லையாம்மா?"

"இருக்கு. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. அந்தத் தூசியில நான்தான் தும்மணும்."

"ரெண்டு பேருமா தும்முவோம். எடுத்துட்டு வாங்க."

பத்தாவது நாள், இருபத்தெட்டாவது கட்டில் அந்த லாரியின் வேலைச் சீட்டு கிடைத்தது. தேதி சரி. லாரி முகாமைவிட்டு வெளியே போனது பகல் 1.40. 'பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிவு. இடம்: கல்குவாரி வளைவு, திரும்பும் வழி, மாலை 4.35.' அதன் கீழே ஒர்க்‌ஷாப்காரன் சிவப்பு மையில் கேட்டிருந்தான்: 'பாரமில்லாத வண்டியில் பட்டை எப்படி முறியும்?' நிமிஷமும் அதைத்தான் கேட்டிருப்பார். டிரைவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்: 'தொழிற்சாலை வாசலில் ஏற்றிய ஆட்கள் 38, காவலர் 4. ஒன்றரை டன் வண்டி தாங்காது என்று சொன்னேன். அதிகாரி ஏற்றச் சொன்னார். போகும்போதே விரிசல் விட்டிருக்கும். திரும்பும்போது காவலர் 4 மட்டும்.'

நாட்குறிப்பைத் திருத்தி எழுதியவனுக்கு ஒர்க்‌ஷாப் ஞாபகம் வரவில்லை.

நிமிஷம் பென்சிலால் நகல் எடுத்தார். கடைசி வரியில் எழுத்து கோணிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

அலுவலர் சீட்டை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"போர் நடவடிக்கைக் கட்டா இருந்தா, மேல அனுமதி இல்லாம நான் முத்திரை வைக்க முடியாது சார்."

"இதுக்கு?"

"இது ரிப்பேர் கட்டு. இதுக்குத் தடை போடணும்னு எவனுக்கும் தோணல." முத்திரையை மையில் அழுத்தினார். "எத்தனை நகல்?"

"குடும்பத்துக்கு ஒண்ணுன்னா முப்பத்தெட்டும்மா."

முப்பத்தெட்டு நகலும் எடுத்துவந்தார். ஒவ்வொன்றாகக் குத்தினார்.

தம்பியின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் கூட்டம் குறையும்வரை நிமிஷம் ஓரமாக நின்றார். தாளை நீட்டியதும் அவள் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க மாமா."

படித்தார். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

"முழுசா படிங்க. ஒளிச்சு வைக்கவா ஆறு மாசம் அலைஞ்சீங்க?"

படித்தார். அவள் மாத்திரை அட்டைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அவருக்கு லாரியில ஏறத் தெரியாது மாமா. பஸ்ல ஏறவே யாராச்சும் பிடிச்சு இழுக்கணும். கூட இருந்தவங்க கைகொடுத்திருப்பாங்க, இல்ல?"

"முப்பத்தேழு பேர் இருந்தாங்களேம்மா. கொடுத்திருப்பாங்க."

கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. மறுநாளே, நகல் கிடைத்த மற்றக் குடும்பத்தாரோடு குழு அலுவலகத்துக்குப் போனார்கள். மனுக்களைப் பதிகிறவர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை.

"சரி, மனுவை ஏத்துக்கிறோம். காணாமல் போனவரா, இறந்தவரா? எந்தப் பிரிவுலம்மா போடறது?"

"ரெண்டும் வேணாம். லாரியில ஏத்திக் கொண்டுபோகப்பட்டவர்னு போடுங்க."

"அப்படி ஒரு பிரிவு இல்லையேம்மா."

"இல்லன்னா எழுதிக்குங்க. காணாம போறதுக்கு அவர் என்ன குடையா? யாரு ஏத்தினாங்க, எத்தனை பேரை ஏத்தினாங்க, எல்லாம் அவங்க தாள்லயே இருக்கு."

பதிகிறவர் நிமிஷத்தைப் பார்த்தார், ஏதாவது சமாதானம் சொல்வார் என்று. நிமிஷம் மனுத்தாளை அவர் பக்கம் தள்ளினார். பதிகிறவர் பேனாவை எடுத்து, அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில் அவள் சொன்னதை எழுதினார்.

வரிசையில் அடுத்து நின்றவர், அதே லாரியில் மகனைப் பறிகொடுத்த முதியவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"அந்தம்மா சொன்னதேதான்," என்றார் அவர். "எனக்கும் ஓரத்துலயே எழுதுங்க."