கிளியைத் தொடாத ஊர்

போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் கொய்யாப்பழம் வாங்கினேன். தள்ளுவண்டிக்காரர் நல்ல மனுஷன்தான். ஒவ்வொரு பழமாக எடுத்து உருட்டிக் காட்டி, "பாருங்கம்மா, ஒண்ணுலயாவது ஒரு கிளிக் கொத்து இருக்கா? அம்புட்டும் சுத்தமான பழம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கொத்து எப்படி இருக்கும்? கொத்துவதற்கு எதை இங்கே விட்டு வைத்தோம்? அந்த மனுஷனைத் திட்டி என்ன ஆகப்போகிறது! பழத்தை வாங்கிக்கொண்டு சேத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க மடியில் அந்த வாசம். கூடவே கோபமும்.

கொய்யா வாசம் என்றால் எனக்கு வெள்ளத்தாயக்கா தோப்புதான். அந்தத் தோப்புக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பஞ்சுத் தூசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். மில் என்றால் எல்லோரும் சங்குச் சத்தத்தைச் சொல்வார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது தும்மல்தான். ஜன்னலை எப்படிச் சாத்தினாலும் பஞ்சு உள்ளே வந்துவிடும். டைப்ரைட்டர் கட்டைகளுக்கு நடுவே பூனை ரோமம் மாதிரி படிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது தூசியில்லாத காற்று வேண்டும் என்றுதான் கண்மாய்ப் பக்கம் போக ஆரம்பித்தேன். பறவை மேல் பிரியம் எல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது மூச்சு.

கூட வந்தது எஸ்தர் டீச்சர். எங்கள் தெருவில் குடியிருந்தவர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தார். இன்னொருவர் ராமராஜு சார், இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அவர் மைத்துனர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பைனாகுலர் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்ததால் நாங்கள் எல்லாப் பறவையையும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தோம். தெருவில் எங்களுக்குக் 'குருவிப் பார்ட்டி' என்று பெயர். என் அம்மாவுக்கோ பொல்லாத கவலை. "கல்யாணத்துக்கு நிக்கிறவ கொக்கு பாக்கப் போறேன்னு அலைஞ்சா எவன்ட்டி வந்து கட்டுவான்?" என்பாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு கண்மாய். ஊர் பேரை எழுதப் போவதில்லை. அந்த ஊரில் எனக்கு இன்னமும் சாப்பாடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்மாய்க் கரையில் வரிசையாக மொட்டைப் பனைகள் நின்றன. இடி விழுந்தும் வண்டு அரித்தும் தலை போன மரங்கள். பார்க்க லட்சணமாக ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த மரங்களில் மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்துகளில்தான் கிளிகள் குடும்பம் நடத்தின. தை பிறந்தால் போதும், ஒரே கூச்சல், இடம் பிடிக்கிற சண்டை. ஒரு பொந்திலிருந்து பெட்டை தலையை மட்டும் நீட்டி ஆண் கிளியை விரட்டும். செத்த நேரம் கழித்து அதுவே அவனிடம் வாயைத் திறந்து இரை வாங்கிக்கொள்ளும். ராமராஜு சார் வீட்டுத் தெலுங்கில் கிளிக்குச் 'சிலுக' என்று பேர். "நம்ம சிலுக சம்சாரத்தைப் பாருங்கம்மா" என்று பைனாகுலரை நீட்டுவார்.

அந்தக் கரையை ஒட்டித்தான் வெள்ளத்தாயக்கா குத்தகைக்கு எடுத்திருந்த கொய்யாத் தோப்பு. அக்காவுக்குக் கிளி என்றாலே ஆகாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை டால்டா டின்னைத் தட்டிக்கொண்டு, கிளிகளின் பரம்பரையையே இழுத்து வைது தீர்ப்பாள். கொத்தின பழத்தை எல்லாம் தனியாக ஒரு நார்ப்பெட்டியில் போட்டு வைத்து எங்களுக்குத் தருவாள். "இதுகளுக்குச் சொந்தக்காரங்க நீங்கதானே, மிச்சத்தையும் நீங்களே தின்னுங்க" என்பாள். ராமராஜு சார் ஒருநாள் தெரியாத்தனமாக, முட்டை வைக்கிற காலத்தில் மட்டும் டின் தட்டாமல் இருக்கலாமே என்று கேட்டுவிட்டார். அவரை அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க ஆபீசுக்குள்ள வந்து கிளி ஒங்க பேப்பரைக் கிழிச்சா நீங்க சும்மா இருப்பியளா?" அதற்குப் பிறகு சார் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கிளி என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொல்லாமல் எப்படி? ஆண்டாள் கையில் இருக்கிற கிளி உங்களுக்குத் தெரியும். இலையில் செய்கிற கிளி, தினமும் புதுசு. மாதுளம்பூ மூக்கு. முந்தின நாள் கிளி யாருக்காவது கிடைத்தால் வீடே கொண்டாடும். எஸ்தர் டீச்சர் வேதக்காரர். அவரே மடவார் வளாகத்தில் இருந்த தோழி மூலமாக ஒன்று வாங்கிவந்து, காய்ந்து சருகான பிறகும் அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இலைக் கிளிக்கே அத்தனை மரியாதை கொடுத்த ஊர் அது. அதனால்தான் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போக, கல்யாணம் கூடினால் ஆடிப்பூரத் தேரன்று உயிர்க் கிளி விடுகிறேன் என்று ஆண்டாளை வேண்டிக்கொண்டார். கல்யாணமும் கூடிவிட்டது. கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முழுக்க அவர் சொந்த நேர்த்திக்கடன், அவர் கடை வாசல். முதல் வருஷம் வலை போட்டுப் பிடித்த பெரிய கிளிகள். கூண்டைத் திறந்ததும் பச்சைப் பச்சையாகக் கிளம்பித் தேர்ச் சீலைக்கு மேலே போய்விட்டன. கூட்டம் கைதட்டியது. நாங்களும்தான் தட்டினோம். ஜனங்களுக்குப் பட்சி மேல் பிரியம் வந்துவிட்டது என்று ராமராஜு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அட, எங்கள் அறிவே!

ஒரு முதலாளி செய்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? அடுத்த ஆடிக்கு இன்னும் சில கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை பேருக்கும் பெரிய கிளி வலைக்கு எங்கே கிடைக்கும்? அந்த ஆடிக்கு முந்தின மாசியில் நாங்கள் கண்மாய்க்குப் போனபோது பொந்துகள் எல்லாம் அரிவாளால் அகலக் கொத்தப்பட்டிருந்தன. மரத்தடியில் சிராய் கிடந்தது. உடைந்த முட்டையும் கிடந்தது. குஞ்சுகளைக் காணோம். தாய்க் கிளிகள் பொந்துக்குள் போவதும் வருவதுமாகக் கத்திக்கொண்டிருந்தன. டின் சத்தம் கேட்கவில்லை. அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏணியும் அருவாளுமா வந்தானுவ. ஏம்லே புடிக்கீகன்னு கேட்டேன், ஆண்டாளுக்குங்கான். சாமி பேரைச் சொன்ன பொறவு நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

எவன் வீட்டுப் பிள்ளையைப் பிடுங்கி எவன் நேர்த்திக்கடன் செலுத்துவது? மறுநாளே மூன்று பேரும் முதலாளியைப் பார்க்கப் போனோம். மனுஷன் மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புடிச்சு அடைக்கிறவனை விட்டுட்டு, தொறந்து விடுற என்கிட்ட வந்து நியாயம் கேக்கீங்களேம்மா" என்றார். நீங்கள் வாங்குவதால்தான் அவன் பிடிக்கிறான் என்றேன். அவர் ஆண்டாள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

வனத்துறைக்குப் போனோம். மலைக்குள் நடந்தால் வருகிறோம், கண்மாய் எங்கள் கணக்கில் வராது என்றார்கள். மலையில் இருக்கும் வரை அது கிளி, கண்மாய்க்கு இறங்கி வந்துவிட்டால் காக்காயா? இதற்குள் முதலாளி எங்கள் மில் மானேஜர் காதில் போட்டிருக்கிறார். மானேஜர் கூப்பிட்டு, வந்தோமா டைப் அடித்தோமா என்று இருக்கச் சொன்னார். நானும் இருந்தேன். கோபத்தில் அன்றைக்கு அடித்த கடிதங்களில் எல்லாம் பிழை.

ஆடிப்பூரம் வந்தது. கடை வாசலில் பெரிய பெரிய மூங்கில் கூடைகள். மேளம் ஒலிக்க முதலாளி மூடியைத் திறந்தார். ஒன்றும் மேலே போகவில்லை. சில கிளிகள் விளிம்பில் ஏறி நின்றன. மற்றவை படபடவென்று அடித்துக்கொண்டு தார் ரோட்டில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கூட்டத்தில் யாரோ ஒருவர் உருகிப்போய், "ஆண்டாளை விட்டுப் போக அதுகளுக்கு மனசில்ல பாரு" என்றார். அவ்வளவுதான், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் உட்கார்ந்து கிளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் காக்கைகள் இறங்கிவிட்டன. தேர் பார்க்க வந்த கால்கள் வேறு. பறக்க முடியாத பிராணியைப் பக்தியில் உறைந்து நிற்கிறது என்று சொல்ல இந்த உலகத்தில் எங்கள் ஊர் ஜனத்தைத் தவிர யாருக்கும் வாய் வராது.

தேருக்கு வந்திருந்த வெள்ளத்தாயக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். ஒரு கிளியை எடுத்து இறக்கையை விரித்தாள். இறகுகள் எல்லாம் கத்தரிக்கோலால் ஒரே நேராக வெட்டப்பட்டிருந்தன. மாசியில் பிடித்த குஞ்சுகளை ஆடி வரை ஓடிப்போகாமல் வைத்திருக்க வியாபாரி செய்த வேலை. வாங்கினவர் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அக்கா அந்த இறக்கையை முதலாளி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சத்தம் போடவில்லை.

"மொதலாளி, வருஷம் பூரா தகரத்தைத் தட்டி இதுகள வெரட்டுறவ நான். வையாத வசவு கெடையாது. ஆனா ஒண்ணைக்கூடத் தரையில விழ வச்சதில்ல."

முதலாளி கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருஷம் அவர் கிளி விடவில்லை, மற்றவர்களும் விடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். நாங்கள் நாலு பேரும் பொறுக்கி எடுத்தவற்றை அக்கா தன் வீட்டில் கோழிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, இறகு முளைக்கும் வரை வளர்த்தாள். பாதி செத்துப்போயின. மீதி பறந்துபோய் நேராக அவள் தோப்பிலேயே இறங்கின. அதற்கும் ஒரு பாட்டம் வைதாள்.

அக்கா அதோடு விடவில்லை. தன் கண்மாய்க்கரை ஊரின் கூட்டத்தில் போய் நின்றாள். கரை அய்யனார் முன்னால் எல்லோரும் சத்தியம் பண்ண வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதை மீற எவனுக்கும் துணிச்சல் வராது. பஞ்சாயத்துத் தலைவர் முதலில் அடித்தார். பிறகு வீட்டுக்கு ஓர் ஆள். "கிளியைத் தொட மாட்டோம், தொட விடவும் மாட்டோம்." எங்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். ராமராஜு சார் இந்த முறையும் அழுதார். இந்த முறை காரணம் இருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஏணியோடு வந்தவர்களை ஊர் எல்லையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். மாசியில் முறை வைத்துக் கரையில் காவல் இருந்தார்கள். கொத்தின பொந்துகளை விட்டுவிட்டுக் கிளிகள் மேலே வேறு பொந்து பார்த்துக்கொண்டன. வருஷத்துக்கு வருஷம் கூச்சல் கூடியது. வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுகிற அளவுக்கு ஊருக்குப் பெருமை வந்துவிட்டது. அந்த மாசிக் காலைகளில் இருந்த சந்தோஷம் பிறகு எனக்கு வேறு எதிலும் வாய்க்கவில்லை.

கொக்கு பார்க்கிறவளைக் கட்டவும் ஒருத்தர் வந்தார். நான் சேத்தூருக்குப் போனேன். கைக்குழந்தை, வீடு என்று இரண்டு மூன்று வருஷம் அந்தப் பக்கம் தலை வைக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். தூரத்திலேயே கிளிச் சத்தம் கேட்டது. மனசு குளிர்ந்துபோனது. கரைக்கு ஏறினால் மொட்டைப் பனை ஒன்றுகூட இல்லை. தரையோடு தரையாக வெட்டிய அடிக்கட்டைகள். கிளிகள் அந்த இடத்துக்கு மேலே, முன்பு பொந்து இருந்த உயரத்தில், வெறும் ஆகாயத்தில் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

தலைவர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அய்யனாருக்குக் கூரை போட வேண்டியிருந்ததாம். பட்ட மரம், காய்க்கப் போவதில்லை, அந்தச் செலவுக்காகச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார்களாம். நான் கத்தினேன். சத்தியம் பண்ணினீர்களே என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஏம்மா கோவப்படுறீங்க? ஐப்பசியிலதான் வெட்டுனோம். ஆளை ஏத்தி, ஒரு பொந்துலயும் ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுத்தான் கோடாலி வைக்கச் சொன்னேன். கிளியை ஒருத்தனும் தொடலம்மா."

அந்த முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. வெள்ளத்தாயக்காவிடம் போய், நீங்களுமா பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்று கேட்டேன். "பட்ட மரத்தை வெட்டுதானுவன்னு நெனச்சேன் தாயி. வீட்டை இடிக்கானுவன்னு எனக்கும் தோணலயே" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மாசி முழுக்கக் கிளிகள் வந்து தேடினவாம். அடுத்த மாசி கொஞ்சம் வந்தன. அதற்குப் பிறகு இல்லை. ராமராஜு சாரும் எஸ்தர் டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவின் தோப்பு பிளாட்டாகிவிட்டது. அய்யனார் கூரைக்கடியில் நல்ல நிழலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. சத்தியம் தவறியவன் ஒருத்தனாவது அந்த ஊரில் இருந்திருந்தால், அவனையாவது நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.