பாஞ்சாலை கொண்டுபோன பெட்டி

“பல்நோக்குப் பணியாளர் (பெண்). மருத்துவ அறிவு தேவையில்லை. கருவிகளைத் துடைக்கலாம், இயக்கக் கூடாது.” ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனை சேவூர் பாஞ்சாலைக்குக் கொடுத்த நியமனக் கடிதம் இப்படிச் சொல்கிறது. ஈசிஜி எடுக்கப் படித்த ஆள் ஒருவர் இருந்தார். மூன்றே மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு வருடமாக அங்கே எடுத்த ஈசிஜி அத்தனையும், இயக்கக் கூடாத பாஞ்சாலை இயக்கியவைதான். நோயாளிகள் அவரை சிஸ்டர் என்றார்கள். சிஸ்டர்கள் ‘ஏ பாஞ்சால’ என்றார்கள்.

முள்ளிப்பட்டு வேணுகோபால் அங்கே நான்கு முறை வந்தார். பட்டு நெசவாளர், ஐம்பத்தெட்டு வயது. நெஞ்சுக்குள் கோழி இறக்கையை அடித்துக்கொள்வது போலிருக்கிறது என்பார். நான்கு முறையும் ஈசிஜி பிசகில்லாமல் வந்தது. டாக்டர் தென்னரசு நான்கு முறையும் வாயுவுக்கு மாத்திரை எழுதினார். காகிதத்தில் இல்லாத நோய்க்கு அவரும்தான் என்ன செய்வார்?

நான்காவது முறை, மார்பில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டே பாஞ்சாலை கேட்டார்: “அண்ணா, அடிச்சிக்க ஆரம்பிச்சி எவ்ளோ நேரம் கழிச்சி வந்தீங்க?”

மனைவி கமலம் முந்திக்கொண்டார். “பொடவைக் கரைய பாதியில விட்டுட்டு எப்படிம்மா எழுந்து வர்றது? ரெண்டு பேரும் உக்காந்தாதான் கரை ஓடும். ஒரு ஜாண் முடிச்சிட்டு, குளிச்சிட்டு, பஸ்ஸப் புடிச்சி வர்றோம்.”

“குளிச்சிட்டா?”

“பின்ன, ஆஸ்பத்திரிக்கு அழுக்கோடயா வருவாங்க?”

அதற்குள் இதயமும் குளித்துத் தலைவாரிக்கொண்டு ஒழுங்காக வந்து நிற்கும்.

“போன வாரம் ஊடை ஓட்டுற நாடா கைய விட்டு விழுந்துச்சி,” என்றார் வேணுகோபால், பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல. “பத்து நிமிஷம் இந்தக் கை என்னுதே இல்ல. அப்புறம் வந்துடுச்சி.”

பாஞ்சாலை துடைப்பதை நிறுத்தினார். இதே கதையை அவர் முன்பு இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார். துடிப்பு தாறுமாறாகும்போது இதயத்தில் ரத்தம் தேங்கி உறையும். உறைந்த துணுக்கு மூளைக்கு ஏறும். சிலருக்குப் பக்கவாதத்துக்கு முன் இப்படிப் பத்து நிமிட எச்சரிக்கை வரும். அந்த இருவரில் ஒருவர் இப்போது வாய் கோணிப் பேசுகிறார். இன்னொருவர் பேசுவதில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னார். “நாள் முழுக்க தறியில உக்காந்தா கை மரத்துத்தான் போவும். இங்க நீ டாக்டரா, நானா?” என்றார் அவர். நியாயமான கேள்வி.

வாசலில் பாஞ்சாலை கமலத்திடம் தன் நம்பரைக் கொடுத்தார். “மறுபடி வந்தா உடனே போன் பண்ணுங்கக்கா. குளிக்காதீங்க.”

பன்னிரண்டு நாள் போன் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆளில்லை. பதின்மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு வந்தது. “வந்துடுச்சிம்மா. எழுந்திரிக்க மாட்டேன்னு நெய்துகினு இருக்காரு. இன்னும் நாலு வெரல் அகலந்தான் பாக்கியாம்.”

பேட்டரியில் ஓடும் ஈசிஜி பெட்டி, டிபன் கேரியர் அளவுதான். அதைக் கட்டைப்பையில் வைத்து, மேலே துடைக்கிற துணியைப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி முள்ளிப்பட்டுக்கு ஆட்டோ ஏறினார்.

வேணுகோபால் தறிக்குழியில் காலை விட்டபடியே இருந்தார். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. “ஜல்தியா முடிங்க சிஸ்டர், பாவு காத்துகினு இருக்குது.”

“பாவு எங்கயும் போவாது. நீங்கதான் போயிடுவீங்க. படுங்க.”

காகிதம் ஊர்ந்து வந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒருமுறைகூட ஒன்றுபோல இல்லை.

“இன்னாம்மா போட்டிருக்குது?” என்றார் கமலம்.

“எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாதுக்கா,” என்றார் பாஞ்சாலை, படித்துவிட்டு. “ஆட்டோ நிக்குது, ஏறுங்க.”

தென்னரசு காகிதத்தைப் பார்த்தார். எங்கே எடுத்தது என்று கேட்கவில்லை. அன்றே வேலூருக்கு அனுப்பினார். அங்கே தலைக்கும் இதயத்துக்கும் ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள்; ஆயுள் முழுக்க, ஒருநாளும் விடக்கூடாது. வேணுகோபாலின் கை இப்போதைக்கு நாடாவைப் பிடிக்கிறது. நாளைக்கும் பிடிக்கும் என்று வேலூரிலும் யாரும் எழுதித் தரவில்லை.

கருவியை அனுமதியின்றி வெளியே கொண்டுபோனதாக மருத்துவமனை பாஞ்சாலையை வேலையிலிருந்து நிறுத்தியது. குற்றச்சாட்டு உண்மைதான். நான்கு முறை யாருக்கும் அகப்படாத துடிப்பை, அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் வீடு தேடிப் போய்க் காகிதத்தில் எடுத்து, ஆளையும் கையோடு அழைத்துவந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்.