அத்தையின் பச்சைப் புடவை

எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிஸ்கட் டப்பாவை நீட்டுவார். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் இருக்கும் வார்த்தைக்குப் பொருத்தமான ஒரு பொருளைத் திங்கட்கிழமை கொண்டுவந்து காட்ட வேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்கு ‘ரவுண்ட்’ வந்தது. ஓர் எலுமிச்சம்பழத்தோடு அவள் வேலை தீர்ந்தது. எனக்கு வந்தது ‘இரிடெசென்ட்’. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அடுக்குமா?

பார்க்கிற பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறுவது என்று மிஸ் விளக்கினார். அப்படியென்றால் அதன் நிஜமான நிறம் எது என்று கேட்டேன். எல்லாமே நிஜம்தான் என்றார். எனக்குத் தலை சுற்றியது.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் என் சீட்டைப் பற்றிக் கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அத்தை அப்பாவின் தங்கை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை பிரான்சில், பிரெஞ்சு நேஷனாலிட்டி. புதுச்சேரியில் இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி என்ன விசாரிக்க? வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து தலைகுனிந்தே நடந்த அப்பா, அந்த வாரம் தெருவில் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

சனிக்கிழமை தரகர் வந்து ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். “அவங்க வூட்டுக்கு நீலம் ஆவாதுங்க. கொலதெய்வக் கட்டு. நல்ல காரியத்துல கண்ணுலயே படக்கூடாது. பொண்ணு பச்ச கட்டிக்கட்டும்.”

அவ்வளவுதான். அம்மா நீலத் திரையைக் கழற்றினாள். பிளாஸ்டிக் குடத்தைக்கூடப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அத்தை பீரோவைத் திறந்து, இருந்த மூன்று பச்சைப் புடவைகளையும் ஒதுக்கிவிட்டு, சம்பளத்தில் புதிதாக வாங்கியிருந்த ஒன்றை எடுத்தாள். டியூப் லைட்டில் அது நல்ல பச்சை. அம்மாவும் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூலையில் சீட்டும் கையுமாக நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். “இன்னா பாப்பா?” என்று அத்தை வாங்கிப் படித்தாள். மிஸ் சொன்ன அர்த்தத்தைச் சொன்னேன். பிறகு என்னையும் புடவையையும் பின்பக்கம் வெயிலுக்குக் கொண்டுபோய் உதறினாள். பச்சை போய் நீலம் வந்தது. திருப்பினாள், மறுபடி பச்சை. நெடுக்கு நூல் பச்சை, குறுக்கு நூல் நீலமாம். எனக்கு ஒரே குதியாட்டம்.

“அய்யய்யோ, அவங்களுக்கு நீலம் ஆவாதே அத்த?”

“இது பச்சதானே, நீயே பாத்தல்ல?” என்றாள். பார்த்தேன்தான். நீலத்தையும் பார்த்தேனே? நான் குழம்பி நிற்கும்போதே, “அந்த வார்த்தைய நாலு பேர் முன்னாடி சத்தமா சொல்லிப் பழகணும் பாப்பா. அப்பதான் திங்கக்கெழம ஒதறாது” என்று கன்னத்தைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தின்றபடி, பொண்ணு பச்சக்கிளி மாதிரி இருக்கிறாள் என்றார். அப்பா முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பி என்ன படிக்கிறாய் என்று கேட்டதுதான் கேடு. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “இரிடெசென்ட்!” என்று கத்தினேன். அர்த்தத்தையும் ஒப்பித்தேன். செய்துகாட்ட வேண்டாமா? அத்தையின் கையைப் பிடித்து வாசல் வெயிலுக்கு இழுத்தேன். அவளும் கூடவே வந்து, நின்று, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். தலைப்பு முதல் கொசுவம்வரை நீலம்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். காபி வருவதற்குள் கார் போய்விட்டது.

அப்பா என் முதுகில் நாலு வைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டு அடித்ததில்லை. “குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு” என்றாள் அம்மா. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாவி, அவள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போய் முந்தானையை விலக்கினேன். கண்ணில் தண்ணீர் இருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. என் முதுகைத் தடவி, “ரொம்ப வலிக்குதா பாப்பா?” என்றாள். அப்போதுதான் நிஜமாகவே அழுதாள். எது எதற்கென்று எனக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை புடவையை மடித்து ஜவுளிக்கடைப் பையில் போட்டு அவளே கொடுத்தாள். கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை அவளோடுதான் நான் பள்ளிக்கு நடப்பேன். அங்கே அதே பஸ்ஸுக்கு நிற்கும் ஓர் அண்ணன் எனக்குத் தினமும் ஒரு ஆரஞ்சு மிட்டாய் தருவார். அன்று அவர் பெரிய சாக்லேட்டே கொடுத்தார்.

“நேத்து அந்த வார்த்தைய கணீர்னு சொன்னியாமே! எங்க, எனக்கும் ஒருவாட்டி சொல்லு.”

சொன்னேன். நேற்று எங்கள் வீட்டுக்குள் சொன்னது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே ஏறிப்போனார்கள்.

வகுப்பில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் நின்று, அத்தைக்கு வேறொரு மாப்பிள்ளையைக் காட்டு சாமி என்று வேண்டிக்கொண்டு, அந்தச் சாக்லேட்டை ஒரு கன்னத்தில் அடக்கியபடி பதினோரு தோப்புக்கரணம் போட்டேன்.