சின்னப்பையன் கட்டிய துணி

தமுக்கில் மூன்று அடி அடித்து, வாயில் கட்டிய வெள்ளைத் துணியைக் கழுத்துக்கு இறக்கி, ஒருமுறை செருமிக்கொள்வார் சின்னப்பையன். பிறகுதான் குரல் வரும். வந்துவிட்டால் அடுத்த தெருத் தறியும் நிற்கும். "ஆங்காங் பட்டணத்துலேர்ந்து வந்த சுரம் பரவிக்கினு இருக்குது! அல்லாரும் வாய்க்குத் துணி கட்டணும்! டாக்டருங்க உத்தரவு!"

தன் துணியை இறக்கிவிட்டு ஊரைக் கட்டச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நெசவுக்கார வீட்டுக் கமலவேணி வாசலில் நின்றே கேட்டாள்: "ஏம்பா, போன மாசம் நீதான வேணான்னு சொன்ன? அதே தமுக்கு, அதே வாயி!"

உண்மைதான். ஐப்பசியில் சுகாதார அதிகாரி கொடுத்த தாளில், முகத்துணி தேவையில்லை, பயப்பட வேண்டாம் என்றிருந்தது. கார்த்திகையில் தாள் மாறியது. ஏன் மாறியதென்று சின்னப்பையன் கேட்டதற்கு, "உனக்குச் சொல்றதுதான் வேலை" என்று பதில் வந்தது. பாவி மனுஷன், சொல்லிக்கொண்டே திரிந்தார்.

முகத்தைச் சுற்றித் துணி கட்டுவது இந்த ஊரில் பிணத்துக்குத்தான். நாடிக்கட்டு என்பார்கள். "உசிரோட இருக்கறவ கட்டுவாளா? தூ, அச்சானியம்!" என்று மனைவி மரியம்மாளே அவர் கொடுத்த துணியை மூலையில் வீசினாள். கமலவேணி வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறவள் அவள். அங்கே நாலு பேருக்கு இருமல். "வேணாம்னு சொன்ன, நம்பனேன். இப்ப வேணுங்கற. எந்தச் சின்னப்பையன நான் நம்பறது?" அவர் தமுக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பத்தாம் நாள் சுரம் அவளைக் கொண்டுபோயிற்று. நாடி கட்டத் துணி தேடியபோது, அவள் மூலையில் வீசியதுதான் கைக்குக் கிடைத்தது. "இப்பவாச்சும் கட்டிக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் முடிச்சுப் போட்டதைப் பார்த்து, எழவு வீட்டில் கூடியிருந்த பெண்கள் வெடித்து அழுதார்கள்.

தை பிறந்ததும் புதுத் தாள் வந்தது: சுரம் தணிந்துவிட்டது, துணி இனி வேண்டியதில்லை. சின்னப்பையன் கமலவேணி வீட்டு வாசலில் நின்று மூன்று அடி அடித்தார். தறிகள் நின்றன. சனம் வெளியே வந்தது.

"என்னாபா, சொல்லு" என்றாள் கமலவேணி. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

அவர் செருமவில்லை. தமுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய், வாய்த்துணியின் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.